கேட்கப் போகிறார்கள்

செத்த மீன்களை வரிசையாகப் படுக்கவைத்துத் தள்ளுவண்டியில் ஊர்வலம் கொண்டுவந்தான் அந்தப் பரிமாறுகிறவன். பனிக்கட்டித் தூளின் மேல் ஒரு கொடுவா, ஒரு கலவா, மீசை நீட்டிய சிங்கி இறால் இரண்டு, கால்களை நூலால் கட்டிய நண்டுகள், ஓரத்தில் எதற்கென்றே தெரியாத ஒரு ஊதாப் பூ. "எல்லாம் இன்னைக்குக் காலைல லேண்ட் ஆனது சார்" என்றான். லேண்ட் ஆனதாம், என்னவோ விமானத்தில் வந்து இறங்கின மாதிரி. குணசீலன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். ஓட்டலின் இருபத்திரண்டாவது மாடி. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. இந்தக் காட்சிக்காகத்தான் இங்கே எல்லாரும் வருகிறார்கள் என்று அண்ணி காரிலேயே சொல்லிவிட்டாள். அப்படி என்ன காட்சி? ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில் சென்னை வாயைப் பிளந்து படுத்துக்கிடந்தது. மொட்டைமாடிகள், அவற்றின் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், துருப்பிடித்த ஏசிப் பெட்டிகள், விளம்பரப் பலகைகளின் பின்பக்கத்து இரும்புக் கம்பிகள், நடுநடுவே திடீர் திடீரென்று முளைத்த கண்ணாடிக் கட்டடங்கள், கடைசியில் வெளுத்துப்போன துணி மாதிரி ஒரு கடல். கீழே இருந்து பார்த்தால் இது அழுக்கு. இருபத்திரண்டு மாடி ஏறிப் பார்த்தால் காட்சி. பக்கத்து மேஜையில் ஒரு பெண் அந்தத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்று, உதட்டைக் குவித்து, தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததைப் பார்த்தாள், பிடிக்கவில்லை, திரும்ப எடுத்தாள். மூன்றாவது தடவையும் உதட்டைக் குவித்தபோது குணசீலனுக்கு அவள் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அவள் என்ன செய்தாள் பாவம். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவனுக்கு இன்று யாரையாவது அறைய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் வியாழக்கிழமை ராத்திரி அண்ணன் போன் செய்திருந்தார். "அடுத்த ஞாயித்துக்கிழம மத்தியானம் சாப்பாட்டுக்கு வாடே. வடிவும் ஊர்லருந்து வாரா. மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எத்தன வருசமாச்சு. ஒரு விசயமும் பேச வேண்டியிருக்கு." ஒரு விசயம். போனை வைத்த பிறகு அந்த ஒரு விசயம் மட்டும் காதுக்குள் புகுந்த தண்ணீர் மாதிரி நின்றுகொண்டது. என்ன விசயம் என்று இவனுக்குத் தெரியாதா? அண்ணன் சுயம்புலிங்கத்துக்கு இரண்டு கிட்னியும் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். இப்படியே எத்தனை நாள் ஓட்ட முடியும்? மாற்றுக் கிட்னி வைக்க வேண்டும். அண்ணிக்குச் சர்க்கரை, அவளுடையது ஆகாது. பிள்ளை கிடையாது. மிச்சம் யார்? கூடப்பிறந்த தம்பி, ஐம்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவன், குடிக்கிறதில்லை, சிகரெட் இல்லை, கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் குளிக்கிறவன். யாராக இருந்தாலும் அவனைத்தான் கேட்பார்கள். அவனே டாக்டராக இருந்தால் அவனைத்தான் கைகாட்டியிருப்பான். அன்று ராத்திரியிலிருந்து பத்து நாளாக, கல்லூரியில், படுக்கையில், இன்று காலை குளியலறையில், வருகிற வழியில் என்று பதிலைத் தயார் செய்துகொண்டே இருந்தான். "அண்ணே, இது உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கிற விஷயம் இல்ல." நன்றாக இருந்தது. வகுப்பில் முதல் வாக்கியம் நிற்கிற மாதிரி நின்றது. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் வரவில்லை. உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுத்தால் என்ன வரும்? கொடுக்கலாம் என்று வரும். இரண்டு இருக்கிறது, ஒன்று போதும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. அதனால் உணர்ச்சி என்ற சொல்லை எடுத்துவிட்டான். "அண்ணே, இதை நாம அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது." பதினாலு மாதம் கழித்து என்ன அவசரம் என்று அண்ணி கேட்பாள். அவள் கேட்கக்கூடியவள்.

"உனக்கு என்ன சொல்லட்டும்டே? அந்தக் கலவாவ நெருப்புல வாட்டித் தருவாங்களாம். பிரமாதமா இருக்குமாம்" என்றார் அண்ணன்.

"எனக்கு எதுவா இருந்தாலும் சரிண்ணே."

"எதுவா இருந்தாலும் சரின்னு ஒரு மீன் கிடையாதுல்லா" என்று அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு! ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துப் போடும்போது சிரித்த அதே சிரிப்பு. நாற்பது வருடமாக அதைச் சிரிக்கிறார், இத்தனை கட்டடம் கட்டியும் வேறு ஒன்று வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. உடம்பு பாதியாகிப்போயிருந்தது, முகம் கறுத்து ஈரம் வற்றின மண் மாதிரி ஆகியிருந்தது, சிரிப்பு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது, பழைய சட்டை போல, உடம்புக்குச் சேராமல். இடது கையை மேஜைமேல் வைத்திருந்தார். ஊசி போடுவதற்காக நரம்பை அறுத்துச் சேர்த்துத் தைத்த இடம் முழங்கைக்குக் கீழே மண்புழு மாதிரி புடைத்து நெளிந்தது. குணசீலன் அதைப் பார்க்காமல் இருக்கத் தனியாக ஒரு முயற்சி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்று தோன்றியது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் என்ன? பார்த்துக்கொள், பார்த்து மனது இளகு, பிறகு நான் கேட்கிறேன் என்பதுதானே இதன் அர்த்தம். எல்லாம் ஏற்பாடு. இந்த மாடி ஏற்பாடு, இந்தக் கண்ணாடி ஏற்பாடு, மெழுகுவர்த்தி மாதிரி எரிகிற பேட்டரி விளக்கு ஏற்பாடு. பிச்சை கேட்கிறவன் கோயில் வாசலில் உட்கார்ந்து கேட்பான், பணக்காரன் மீனை வாட்டிக் கொடுத்துக் கேட்பான். மேஜைக்கு வரவழைத்துத் தின்னவைத்துவிட்டால் மறுக்க முடியாதாம். குணசீலன் தண்ணீரை ஒரு வாய் குடித்தான். அண்ணன் அந்தத் தம்ளரையே பார்த்தார். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர்தான் அவருக்கு. குணசீலன் தம்ளரைக் கீழே வைத்தான். வைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஏன் வைக்க வேண்டும்? இப்படித்தான் ஆரம்பிக்கும். முதலில் தம்ளரை வைப்பான், பிறகு வேறொன்றை வைப்பான்.

"அதோ பாரு வடிவு" அண்ணன் கண்ணாடிப் பக்கம் கையை நீட்டினார். "ரெண்டு நீலக் கட்டடத்துக்கு நடுவுல மஞ்சளா ஒண்ணு தெரியுதா? நம்ம கட்டினதுதான்."

"எது, அந்தக் கோபுரம் மாதிரி இருக்கே அதா?"

"அது டெலிபோன்காரன் டவரு. அதுக்கு இந்தப் பக்கம்."

"ஆத்தீ, எவ்வளவு ஒசரம்!" என்றாள் தங்கை வடிவு. அவள் பார்த்தது வேறு கட்டடம். மஞ்சளும் இல்லை, உயரமும் இல்லை. அண்ணனும் அவள் பார்த்தது எது என்று பார்க்கவில்லை. இருவருக்கும் திருப்தி. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எப்படித்தான் பிறந்தோம் என்று குணசீலன் சின்ன வயதிலிருந்து யோசித்திருக்கிறான். தூத்துக்குடியில் ஒரே வீட்டில், ஒரே அறையில், வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தவர்கள். இவன் விளக்கு அணைந்த பிறகும் உலகப் படத்தில் நதிகளின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பான், அந்தப் பக்கம் சுயம்பு குறட்டை, இந்தப் பக்கம் வடிவு தூக்கத்தில் சிரிப்பாள். தூக்கத்தில் சிரிக்கிறவளோடு என்ன பேசுவது? பத்தாம் வகுப்புக்கு அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு கோடையை முழுசாக அதற்குக் கொடுத்தான். எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் "தெரியாததுக்குப் பேரு எக்ஸு" என்பாள், சரிதான், அதைக் கண்டுபிடி என்றால் "தெரியாததத் தெரியாததுன்னே வச்சுக்கிட்டா என்ன சின்னண்ணே" என்பாள். ஸ்கேலால் அடித்தான். அதற்கும் சிரித்தாள். பெயிலானாள். இப்போது சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர், நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு முட்டை எண்ணி வைக்கிறாள். இங்கே வந்து உட்கார்ந்த கால் மணி நேரத்தில் அந்தப் பரிமாறுகிறவனுக்குச் சொந்த ஊர் பரமக்குடி, இரண்டும் பெண் பிள்ளை, பெரியவளுக்குக் காது குத்து அடுத்த மாதம் என்பது வரை கேட்டுவிட்டாள். அவன் தன் கறுப்புக் கோட்டை மறந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவளுக்காக நண்டில் காரம் கூட்டச் சொல்கிறானாம். இங்கிலீஷில் ஆரம்பித்தவன் இப்போது "அக்கா" என்கிறான். இந்த வெட்கமில்லாத நெருக்கம் குணசீலனுக்கு எப்போதுமே அருவருப்பு. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற வர்க்கம். கேட்டு என்ன செய்யப்போகிறார்கள்?

சூப் வந்தது. குளம் மாதிரி அகலத் தட்டு, நடுவில் மூன்று கரண்டி. அண்ணிக்கும் இவனுக்கும் வடிவுக்கும் மட்டும். அண்ணன் முன்னால் அண்ணி ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டி இரண்டை எடுத்து வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, குழந்தை மிட்டாய் சப்புகிற மாதிரி சப்பினார். கேட்கட்டும், இப்போதே கேட்கட்டும் என்று குணசீலன் நினைத்தான். சூப்போடு முடிந்துவிட்டால் மீனையாவது நிம்மதியாகத் தின்னலாம். கேட்கவில்லை. தெருவில் யாரோ ஒருவன் வீட்டில் விருந்து வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே போகட்டும். இவன் உடம்பு நாற்காலியில் மெல்லப் பின்னுக்குச் சாய்ந்து முதுகைச் சாய்மானத்தில் அழுத்திக்கொண்டது. பத்து நாளாகவே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. முதுகின் கீழ்ப்பக்கம், விலா முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறது என்பது ஐம்பத்தைந்து வருடம் தெரியாமலே இருந்தான், இப்போது இரண்டும் தெரிந்தது. அவரைக்கொட்டை உருவம், கைமுஷ்டி அளவு. இடதைத்தான் எடுப்பார்களாம், அதற்குக் குழாய் நீளமாம், அண்ணன் போன் செய்த அன்றே கம்ப்யூட்டரில் படித்துவிட்டான். அதிலிருந்து வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் இடது வெளியே தெரிகிற மாதிரி, யாரோ ஜன்னல் வழியாகக் கைவிட்டு எடுத்துக்கொள்வார்கள் போல இருந்தது. மல்லாந்து படுத்தான். கல்லூரியில் பாடம் நடத்தும்போது முதுகைக் கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டு நடத்தினான், சட்டையெல்லாம் சுண்ணாம்பு. பெண்டாட்டி ஒருத்தி இருந்திருந்தால் அவள் தலையில் போட்டிருக்கலாம். "நான் தயார்தாண்ணே, இவ அழுறா" என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் அப்படித் தப்பித்திருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளாததற்கு முதன்முறையாக வருத்தப்பட்டான், அதுவும் இப்படி ஒரு காரணத்துக்காக. தன் கூடப்பிறந்தவர் செத்தால் சாகட்டும் என்று நினைக்கிறோமா? இல்லை, அப்படி நினைக்கவில்லை. சாக வேண்டாம். நன்றாக இருக்கட்டும். வேறு யாராவது கொடுக்கட்டும். மூளைச்சாவு அடைந்தவர்களுடையது கிடைக்கும் என்கிறார்கள், வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளட்டும், எல்லாவற்றுக்கும் குறுக்கு வழிதானா? அவ்வளவு கட்டடம் கட்டினவர் இதற்கு மட்டும் இந்தச் சுடுதண்ணீரில் குளிக்கிறவனின் முதுகுக்குள்ளா கையை விட வேண்டும்? "அண்ணே, இதை நாம அவசரப்பட்டு..." வேண்டாம். "அண்ணே, எனக்கும் கொஞ்சம் டைம் குடுங்க." இது நல்லது. இது மறுப்பும் இல்லை. டைம் கேட்டவனை யார் குற்றம் சொல்ல முடியும்?

கலவா வந்தது. ஒரு பெரிய கறுப்புக் கல்தட்டின் மூலையில் உள்ளங்கை அளவுத் துண்டு, மேலே எதையோ சொட்டுச் சொட்டாக விட்டிருந்தார்கள், நடுங்கும் கையால் மருந்து ஊற்றின மாதிரி. பரமக்குடிக்காரன் அது என்ன என்று விளக்க ஆரம்பித்தான். குணசீலன் கையை அசைத்து அனுப்பினான். வாயில் போட்டான். நன்றாகத்தான் இருந்தது. மிக நன்றாக இருந்தது. அதில் அவனுக்குக் கோபம் வந்தது. அண்ணனுக்கு உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்த ஏதோ ஒரு வெள்ளைத் துண்டு, அதை அவர் ஒரு விள்ளல் எடுத்து, மெல்லாமல், வாயில் வைத்துக்கொண்டு எதிரே இவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனுடைய தாடை அசைவதையே பார்த்தார். வடிவு நண்டைக் கையில் பிடித்துப் பல்லால் உடைத்தாள். நண்டு உடைக்க வெள்ளிக் கிடுக்கி வைத்திருந்தார்கள், அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பல்லால். டொக்கென்று சத்தம். உதட்டைக் குவிக்கிற பெண் திரும்பிப் பார்த்தாள். வடிவின் கழுத்தில் அவர்கள் கட்டிவிட்ட துணி, தாலிக்கயிறு அதற்கு வெளியே தொங்கியது, முழங்கை வரை மசாலா. அவள் ஓட்டிலிருந்து சதையை உறிஞ்சினாள். யாரும் பார்க்கக் கூடாதே என்று குணசீலன் ஜன்னலைப் பார்த்தான், யாரோ ஒரு பெண், தற்செயலாக ஒரே மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்கிற மாதிரி.

"டே குணா" என்றார் அண்ணன்.

வந்துவிட்டது. முள்கரண்டியைக் கீழே வைத்தான். முதுகு தானாகச் சாய்மானத்தோடு ஒட்டியது.

"ஒரு விசயம் பேசணும்னு சொன்னேன்லா."

"சொல்லுங்கண்ணே."

"வார வெள்ளிக்கிழம ஆப்ரேசன் வச்சிருக்கு. காலைல ஏழு மணிக்கு உள்ள கொண்டு போயிருவாங்களாம். வடிவுதான் குடுக்கா."

என்ன கொடுக்கிறாள் என்று ஒரு நொடி புரியவில்லை. நண்டைத்தான் யாருக்கோ கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவள் கையைப் பார்த்தான். கையில் ஓடுதான் இருந்தது.

"மூணு மாசமா டெஸ்டு மேல டெஸ்டு" என்றாள் அண்ணி. "பாவம், மாசத்துக்கு ரெண்டு தடவை ரயிலேறி வந்துட்டுப் போனா. எல்லாம் பொருந்திடுச்சு. ஆஸ்பத்திரிக் கமிட்டிலயும் ஒத்துக்கிட்டாங்க. உங்க தங்கச்சி வீட்டுக்காரரும் வந்து கையெழுத்துப் போட்டுட்டார்."

"அவுக மொதல்ல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தாக" என்றாள் வடிவு, விரலை நக்கிக்கொண்டே. "ரெண்டு நாளு பேசல. பெறகு அவுகளே வந்து, சரி, பெரிய மச்சானுக்குத்தானன்னுட்டாக. ஸ்கூலுக்கு மூணு மாசம் லீவு எழுதிக் குடுத்தாச்சு. முட்டைய மட்டும் அந்தப் பொம்பள சரியா எண்ணுவாளான்னுதான் யோசனையா இருக்கு."

"ஆப்ரேசனுக்குப் பெறகு ஒரு வருசம் வெளிய எதுவும் திங்கக் கூடாதாம்" என்றார் அண்ணன். "அதான் அதுக்கு முன்னால மூணு பேரும் ஒரு தடவ நல்லா உக்காந்து மீன் திம்போம்னு. எனக்குத் திங்க முடியாட்டாலும் நீங்க திங்கிறதப் பாக்கலாம்லா. இதான் விசயம். வேற ஒண்ணுமில்ல."

வேற ஒண்ணுமில்ல. குணசீலன் முகத்தில் எதையாவது வரவழைக்க வேண்டியிருந்தது. சந்தோஷத்தை வரவழைத்தான். "நல்லதுண்ணே. ரொம்ப நல்லது. வடிவு..." என்றான். நிம்மதி வந்ததா? வந்தது. முதுகு முதலில் அறிந்துகொண்டது, சாய்மானத்தை விட்டு முன்னால் வந்தது, பத்து நாளுக்குப் பிறகு தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டது. ஆனால் நிம்மதி நிற்கவில்லை. அது போன வேகத்தில் அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. மூன்று மாதமா? மூன்று மாதத்துக்கு முன்னாலேயே முடிவாகிவிட்டதென்றால், இந்தப் பத்து நாளும் இவன் எதைத் தயார் செய்துகொண்டிருந்தான்? யாருக்கு? "அண்ணே, எனக்கும் கொஞ்சம் டைம் குடுங்க" என்ற அந்த வாக்கியம், நாலு தடவை திருத்தப்பட்டு, குளித்துத் தலைவாரி, நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கேட்க ஆளில்லை. மறுப்பதற்குக்கூட ஒருவன் வந்து கேட்க வேண்டியிருக்கிறது. இவனிடம் இருக்கிற ஒன்று இன்னொருவருக்கு உயிர் என்று பத்து நாள், பயத்தோடுதான் என்றாலும், சுமந்துகொண்டு திரிந்தான். அதில் ஒரு கனம் இருந்தது. இவர்கள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. எக்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவளிடம் போயிருக்கிறார்கள். அவள் தெரியாததைத் தெரியாதது என்றே வைத்துக்கொண்டு, சரி எடுத்துக்கோங்க என்றிருப்பாள். விரலை நக்கிக்கொண்டே சொல்லியிருப்பாள். வாயை மூடிக்கொண்டு மீனைத் தின்றிருக்கலாம். தின்றிருக்க வேண்டும்.

"என்னை ஏன்ணே கேக்கல?" என்று கேட்டுவிட்டான்.

அண்ணனுக்குக் கேள்வி புரியாத மாதிரி இருந்தது. "என்னத்த?"

"கிட்னியத்தான். நானும் கூடப்பிறந்தவன்தானே."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். பிறகு நிஜமாகவே யோசித்தார். மழுப்புவதற்காக யோசிக்கவில்லை, பதில் தனக்கே தெரியாமல் யோசித்தார். அதுதான் குணசீலனால் தாங்க முடியாமல் இருந்தது. "தோணலியேடே" என்றார் கடைசியில். "டாக்டர் மொத நாளே கேட்டாரு, கூடப்பிறந்தவங்க எத்தன பேருன்னு. ஒரு தங்கச்சின்னு சொல்லிட்டேன் பாத்துக்கோ. வெளிய வந்து காருல ஏறுதப்பதான் லீலா சொன்னா, உங்க தம்பி ஒருத்தர் இருக்காருல்லான்னு." தன் மறதியை நினைத்து அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தார். அண்ணியும் லேசாகச் சிரித்தாள். விகல்பமே இல்லை இருவரிடமும். திட்டமிட்டு ஒதுக்கியிருந்தால், இவன் தர மாட்டான், கல்நெஞ்சன் என்று பேசியிருந்தால், அதையாவது பிடித்துக்கொண்டு வெறுத்திருக்கலாம்.

"கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்ணே" என்றான் குணசீலன். குரல் அவனுக்கே நன்றாகக் கேட்டது, உறுதியாக, கொஞ்சம் காயப்பட்டு. இன்னும் கொஞ்சம் சேர்த்தான். "ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க மாட்டேன்."

வடிவு நண்டைத் தட்டில் வைத்தாள். அண்ணனுடைய கண் கலங்கிவிட்டது. அந்த வற்றிப்போன முகத்தில் எங்கிருந்து வந்ததோ தண்ணீர். "நெசமாவாடே?" என்றார்.

"பின்ன?"

"தம்பி, நீங்க இப்படிச் சொன்னதே பெரிசு" என்றாள் அண்ணி. அவள் முன்னால் குனிந்துவிட்டாள், முகமே மாறிவிட்டது. "நான் சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். நேத்துத்தான் டாக்டர் கேட்டார், வேற யாராச்சும் இருக்காங்களான்னு. வடிவுக்குக் கடைசியா ஒரு ஸ்கேன் நாளைக்கு இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒருவேளை அதுல ஏதாவது வந்துடுச்சுன்னா, இன்னொருத்தர் தயாரா இருந்தா நல்லதுன்னார். உங்களுக்கும் ரத்தம் ஒரே குரூப்தானே? நாளைக்கே வந்து ஒரு ரத்தம் மட்டும் குடுத்துட்டீங்கன்னா..."

முதுகு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தானே நடந்து போய்த் தானே உட்கார்ந்துகொண்டான், யாரும் கைபிடித்து இழுக்கவில்லை. மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அண்ணனுடைய கண் இன்னும் ஈரமாக இருந்தது. போன செவ்வாய்க்கிழமை தெருமுனை டாக்டரிடம் போயிருந்தான். ஏதாவது ஒரு கோளாறு இருக்காதா, ஒரு சின்னக் கோளாறு, காகிதத்தில் எழுதித் தரும்படி. அவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, மறுபடியும் அடித்து, "என்ன சார், இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்கு பிரஷர்" என்று முதுகில் தட்டினார். அந்தக் கையை அப்போதே வெட்டிப்போட வேண்டும்போல் இருந்தது.

"எனக்கு பிரஷர் இருக்குண்ணி" என்றான்.

"பிரஷரா? எவ்வளவு?"

"நூத்தி எழுபது. எண்பதுகூடப் போகுது." எண் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பது அவனுக்கே ஆச்சரியம். "உங்களுக்கெல்லாம் சொல்ல வேண்டாம்னு இருந்தேன். டாக்டர் எடுத்துக்க மாட்டாங்க. அதுதான் வருத்தம்."

முடிந்தது. தப்பித்தான். கிழிந்த சட்டையை உள்ளே செருகிக்கொண்ட மாதிரி ஒரு சுகம்கூட வந்தது. ஆனால் அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் தள்ளாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு, சுற்றிவந்து, குணசீலனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் புடைத்த நரம்பு அவன் கையோடு உரசியது. உள்ளே எலி சுவரைச் சுரண்டுகிற மாதிரி ரத்தம் இரைந்து ஓடுவது தோலில் தெரிந்தது.

"நூத்தியெழுவதா? மாத்திரை திங்கியா?"

"இல்லண்ணே, அது..."

"மாத்திரை திங்கலியா? கூறுகெட்ட பயலே! எனக்கு எப்படிப் போச்சுன்னு நெனைக்க? இந்தப் பிரஷருதாம்டே தின்னுச்சு. ஒண்ணும் தெரியாது, வலிக்காது, நல்லாத்தான் நடந்துக்கிட்டு இருப்ப, உள்ளுக்குள்ள ரெண்டையும் தின்னுட்டுப் போயிரும். பத்து வருசம் டாக்டர் சொல்லச் சொல்லக் கேக்காம இருந்தவன் நானு." அவருக்கு மூச்சு வாங்கியது. "லீலா, டாக்டருக்குப் போனப் போடு. ஞாயித்துக்கிழமைன்னா என்ன, எடுப்பாரு. நாளைக்குக் காலைல வடிவு ஸ்கேனுக்குப் போகும்போது இவனும் வாரான், முழுசாப் பாக்கணும்னு சொல்லு. ரத்தம், ஒண்ணுக்கு, ஸ்கேனு, எல்லாம்."

"அதெல்லாம் வேண்டாம்ணே, நாளைக்குக் காலேஜ்..."

"காலேஜாவது மயிராவது!"

உதட்டைக் குவிக்கிற பெண் திரும்பிப் பார்த்தாள். அந்த மாடியே திரும்பிப் பார்த்தது. அண்ணி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் மறு காதைப் பொத்தினாள். "ஆமா டாக்டர், அவர் தம்பி. கூடப்பிறந்த தம்பிதான். ஆமா, இன்னொருத்தர் இருக்கார், நாங்கதான் சொல்லாம விட்டுட்டோம்" என்றாள். வடிவு எழுந்துவந்து மசாலாக் கையாலேயே குணசீலன் முன்னால் இருந்த கறுப்புத் தட்டை இழுத்து எடுத்தாள். கலவா பாதி மிச்சம் இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இத்தன உப்பப் போட்டு வச்சிருக்கான், இதப் போயித் திங்கிறீகளே சின்னண்ணே" என்றாள். "யாருமில்லாத வீட்டுல தனியாக் கெடந்துக்கிட்டு, ஒரு வார்த்த சொல்லாம... ஏந் தம்பி, இங்க வாங்க. இவுகளுக்கும் பெரியவுகளுக்கு வச்ச மாதிரி ஒண்ணு கொண்டாங்க. உப்பே போடாதீங்க. கண்ணுலகூடக் காட்டாதீங்க."

"சரிக்கா" என்று பரமக்குடிக்காரன் ஓடினான்.

"டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்றார்" என்றாள் அண்ணி, போனை இறக்கி. "வெறும் வயித்துல."

அண்ணன் மணிக்கட்டை விடவில்லை. நாடியைத் தேடுகிறவர் மாதிரி விரலை மாற்றி மாற்றி வைத்தார், அவருக்கு எங்கே வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. "பயப்படாதடே" என்றார். "நான் இருக்கேம்லா."

குணசீலன் தலையை ஆட்டினான். வெள்ளையாக ஒரு துண்டு வந்தது. நால்வரில் மூன்று பேர் அவன் அதை வாயில் வைப்பதற்காகக் காத்திருந்தார்கள். வைத்தான். மென்றான். நன்றாக இருக்கிறதா என்று வடிவு கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றான்.